ஊசி எடுத்த பிறகு அந்த ரத்தம் யாருடையது?

ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டும்போது நாம் யோசிப்பது இரண்டே விஷயம்: வலிக்குமா, ரிப்போர்ட் எப்போது வரும். பரிசோதனை முடிந்த பிறகு குழாயில் மிஞ்சும் சில மில்லி ரத்தம் எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலும் அது குப்பைக்குத்தான் போகும். சில சமயம் உறைபெட்டிக்குப் போகும். அங்கிருந்து வேறோர் ஆய்வகத்துக்கோ வேறொரு நாட்டுக்கோ போகலாம், கடைசியில் ஒரு காப்புரிமை விண்ணப்பத்தில் வந்து நிற்கலாம். மருத்துவ ஆய்வுக்கென்று உலகெங்கும் எழுதப்பட்ட விதிகளில் பெரும்பகுதி ஊசி குத்தும் அந்த நிமிடத்தைத்தான் காக்கிறது. எடுத்த பிறகு நடப்பதைப் பற்றி அவை பேசுவது குறைவு. தனிமனிதரில் தொடங்கி நாடுகள் வரை இன்று நடக்கும் சண்டைகள் பலவும் இந்த இடைவெளிக்குள்தான் நடக்கின்றன.

ஜான் மூர் என்பவரின் வழக்கை எடுத்துக்கொள்வோம். 1976இல் ஹேரி செல் லுகேமியா என்ற அரிய ரத்தப் புற்றுநோயோடு லாஸ் ஏஞ்சலஸில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனைக்குப் போனார். மண்ணீரலை அகற்றினார்கள், பிழைத்துக்கொண்டார். அதன்பின் 1983 வரை, தன் ஊரான சியாட்டிலில் இருந்து திரும்பத் திரும்ப லாஸ் ஏஞ்சலஸுக்கு வரவழைக்கப்பட்டார். வந்தபோதெல்லாம் ரத்தம், எலும்பு மஜ்ஜை, தோல், விந்து என்று எடுத்தார்கள். எல்லாம் சிகிச்சைக்காக என்றுதான் அவர் நினைத்தார். உண்மையில் அவருடைய செல்களில் இருந்து, ஆய்வகத்தில் ஓயாமல் பெருகக்கூடிய ஒரு செல் லைனை அவருடைய மருத்துவர் உருவாக்கியிருந்தார். 1981இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1984இல் அது கிடைத்தும்விட்டது. ஒரு மரபணு நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தில் மருத்துவருக்கு 75,000 பங்குகள். அவருக்கும் பல்கலைக்கழகத்துக்கும் சேர்த்து மூன்று ஆண்டுகளில் குறைந்தது 3,30,000 டாலர்.

மூருக்குச் சந்தேகம் வந்தது ஒரு படிவத்தால். என் செல்களில் இருந்து வரும் எதன் மீதும் உள்ள உரிமைகளைப் பல்கலைக்கழகத்துக்குத் 'தருகிறேன்', 'தரவில்லை' என்று இரண்டு விருப்பங்கள் அதில் இருந்தன. 'தரவில்லை' என்பதை வட்டமிட்டார். தவறுதலாக மாற்றி வட்டமிட்டுவிட்டீர்கள் போலிருக்கிறது என்று சொல்லிப் பின்னால் அழைப்பு வந்தது. வழக்கறிஞரிடம் போனார்.

கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 1990இல் தந்த தீர்ப்பு இன்றைக்கும் இந்தத் துறையில் முதலில் படிக்கப்படும் ஒன்று. பாதி வெற்றி, பாதி தோல்வி. தன் ஆய்வு ஆர்வத்தையும் பண ஆதாயத்தையும் மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும், சொல்லாதது கடமை மீறல் என்றது நீதிமன்றம். ஆனால் உடலை விட்டு வெளியே வந்த செல்கள் மூரின் சொத்து என்ற வாதத்தை ஏற்கவில்லை. ஒவ்வொரு மாதிரிக்கும் ஓர் உரிமையாளர் இருந்தால், ஓர் ஆய்வாளர் ஒரு செல் மாதிரி வாங்கும்போதெல்லாம் கூடவே ஒரு வழக்குக்கான லாட்டரிச் சீட்டையும் வாங்குவது போலாகிவிடும் என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் கவலை.

மாறுபட்ட நீதிபதிகளில் ஒருவரான புரூசார்ட் கேட்ட கேள்விதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. இதே செல்களை வேறொரு மருந்து நிறுவனம் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இருந்து திருடிப் போயிருந்தால், அது சொத்தைத் திருடியதாகத்தானே கருதப்படும்? அப்படியென்றால் அந்தச் செல்கள் சொத்துதான். அவை யாரிடம் இருந்து வந்தனவோ அந்த ஒருவருக்கு மட்டும் சொத்தில்லை.

உடலுக்கு நேரும் தீங்கு

சட்டம் ஏன் இப்படி அமைந்தது என்பதற்கு வரலாற்றில் விடை இருக்கிறது. மருத்துவ ஆய்வு நெறிகள் அறைக்குள் உட்கார்ந்து யோசித்து எழுதப்பட்டவை இல்லை. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு கொடுமை உண்டு. நாஜி முகாம்களில் கைதிகள் மீது சோதனை நடத்திய மருத்துவர்கள், அவர்களோடு சேர்ந்த அதிகாரிகள் என 23 பேர் மீது நியூரம்பெர்க்கில் வழக்கு நடந்தது. 1947இல் வந்த அந்தத் தீர்ப்போடு பிறந்ததுதான் 10 அம்ச நியூரம்பெர்க் நெறி. சம்பந்தப்பட்டவரின் சுயவிருப்பமான ஒப்புதல் கட்டாயம் என்பது அதன் முதல் அம்சம். 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி பிரகடனத்தை வெளியிட்டது. பல முறை திருத்தப்பட்டு இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் டஸ்கீகி வட்டாரத்தில் நடந்தது இன்னொன்று. 1932இல் தொடங்கி 40 ஆண்டுகள், சிபிலிஸ் நோய் இருந்த 399 கறுப்பின ஆண்களையும் நோய் இல்லாத 201 பேரையும் அரசின் பொதுச் சுகாதாரத் துறை கவனித்து மட்டும் வந்தது. நோய் இருந்தவர்களுக்கு என்ன நோய் என்று சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் நடைமுறைக்கு வந்துவிட்ட பிறகும் கொடுக்கவில்லை. சிகிச்சை இல்லாவிட்டால் அந்த நோய் உடலை என்ன செய்கிறது என்று பார்ப்பதுதான் நோக்கமே. 1972இல் பத்திரிகையில் செய்தி வெளியான பிறகே நிறுத்தினார்கள். 1974இல் தேசிய ஆய்வுச் சட்டம் வந்தது. மனிதர்கள் மீதான ஆய்வுகளை நெறிமுறைக் குழு முன்கூட்டியே பார்த்து அனுமதிப்பது சட்டப்படி கட்டாயமானது.

இவற்றிலெல்லாம் பொதுவாக இருப்பது எது? உடலுக்கு நேர்ந்த தீங்கு. வதைத்தார்கள், விஷத்தைச் செலுத்தினார்கள், மருந்தை மறைத்தார்கள். அதனால் விதிகளும் உடலைச் சுற்றியே அமைந்தன: ஆபத்தை விளக்கு, ஒப்புதல் வாங்கு, எப்போது வேண்டுமானாலும் விலக அனுமதி. ஓர் ஆள் முன்னால் இருக்கும்வரை இது நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் குழாயில் இருக்கும் ரத்தத்துக்கு வலிக்காது. அதை வைத்து நூறு ஆய்வு செய்தாலும் கொடுத்தவருக்கு ஒரு கீறல்கூட விழாது. பழைய சட்டக் கண்ணாடி வழியாகப் பார்த்தால், அங்கே தீங்கு என்று எதுவும் தென்படாது.

அமெரிக்க விதிகளில் இது வெளிப்படையாகவே இருக்கிறது. சிகிச்சையில் மிஞ்சிய மாதிரியில் இருந்து அடையாளத்தை நீக்கிவிட்டால், அதன் மீதான ஆய்வு 'மனிதர் மீதான ஆய்வு' என்ற கணக்கிலேயே வராது. ஒப்புதல் தேவையில்லை. 2015இல் இதை மாற்ற முயன்றார்கள்: பெயர் நீக்கப்பட்டதானாலும் எல்லா உயிர் மாதிரிகளுக்கும் ஒப்புதல் வேண்டும் என்று வரைவு விதி வந்தது. ஆய்வு நிறுவனங்களின் எதிர்ப்பு பலமாக இருந்தது. 2017 ஜனவரியில் இறுதி விதி வெளியானபோது அந்தப் பகுதியைக் காணோம்.

பெயரை நீக்கினால் ஆளும் நீங்கிவிடுவார் என்ற நம்பிக்கையில் நிற்பது இந்த ஏற்பாடு. 2013இல் ஓர் ஆய்வுக் குழு இந்த நம்பிக்கையைப் பதம் பார்த்தது. பெயரில்லாமல் பொதுவில் கிடைத்த மரபணு வரிசைகளை எடுத்தார்கள். குடும்பப் பெயரைப் போலவே தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் ஒய் குரோமோசோமில் உள்ள சில அடையாளங்களை வம்சாவளி இணையதளங்களோடு ஒப்பிட்டுக் குடும்பப் பெயரைக் கணித்தார்கள். வயதும் வசிக்கும் மாநிலமும் கூட இருந்ததால் ஆளையே கண்டுபிடித்துவிட்டார்கள். இப்படிக் கிட்டத்தட்ட 50 பேர் தெரியவந்தார்கள். ரகசியக் கோப்பு எதையும் உடைக்கவில்லை. எல்லாம் இணையத்தில் யாரும் தேடி எடுக்கக் கூடியவை.

அப்புறம், மரபணு ஒருவரோடு நிற்பதும் இல்லை. ஐஸ்லாந்து 1998இல் ஒரு சட்டம் போட்டது. சுமார் 2,70,000 மக்களின் மருத்துவக் குறிப்புகளை ஒரே தரவுத்தளத்தில் திரட்டி, அதை நடத்தும் உரிமையை ஒரு தனியார் நிறுவனத்துக்குத் தரலாம் என்றது அது. வேண்டாம் என்று எழுதிக் கொடுக்காதவர்கள் எல்லாரும் சம்மதித்ததாகவே கொள்ளப்படுவார்கள். தன் இறந்துபோன தந்தையின் குறிப்புகளைச் சேர்க்கக் கூடாது என்று ஓர் இளம்பெண் கேட்டார். இறந்தவர் சார்பில் நீ கேட்க முடியாது என்று மறுத்தார்கள். 2003இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது: தந்தையின் தகவலில் இருந்து மகளைப் பற்றியும் ஊகிக்க முடியும், ஆகவே தடுக்கும் உரிமை மகளுக்கு உண்டு. அந்தத் தரவுத்தளம் கடைசிவரை கட்டப்படவே இல்லை.

ஒரே குளிர்பெட்டி, வேறு கேள்விகள்

தீங்கு என்பதை உடலோடு மட்டும் சேர்த்துப் பார்த்தால் எதைத் தவறவிடுவோம் என்பதற்கு ஹவாசுபாய் மக்களின் வழக்கைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சிறிய பழங்குடி அது. அவர்களிடையே நீரிழிவு மிக அதிகம். காரணம் கண்டுபிடிக்கலாம் என்று 1990 முதல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். மக்களும் தங்கள் நோய்க்காக என்று நம்பிக் கொடுத்தார்கள். படிவத்தில் இருந்த வாசகம் இன்னும் அகலமாக இருந்தது. நடத்தைக் கோளாறுகளையும் நோய்களையும் ஆராய என்று பொதுவாக எழுதியிருந்தது.

2003இல் அந்தப் பழங்குடியைச் சேர்ந்த ஒரு பெண் பல்கலைக்கழகத்தில் ஓர் ஆய்வேட்டு விளக்கக் கூட்டத்துக்குப் போனார். மேடையில் பேசப்பட்டது தன் மக்களின் ரத்தத்தைப் பற்றி. நீரிழிவைப் பற்றியல்ல. அந்த மாதிரிகளை வைத்து மனச்சிதைவு, நெருங்கிய உறவுக்குள் நடக்கும் திருமணங்களின் விளைவு, அம்மக்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பதையெல்லாம் ஆராய்ந்திருந்தார்கள். கடைசியானது வெளியாருக்குச் சாதாரண வரலாற்றுக் கேள்வி. ஹவாசுபாய் மக்களுக்கோ, தாங்கள் அந்தப் பள்ளத்தாக்கிலேயே தோன்றியவர்கள் என்பது நம்பிக்கை. அதன் காவலர்கள் என்ற உரிமையும் அதில்தான் நிற்கிறது. ஆசியாவில் இருந்து வந்தவர்கள் என்று அவர்களுடைய ரத்தத்தை வைத்தே சொன்னால் பாதிப்பு தனியொருவருக்கு இல்லை, அந்த இனத்தார் எல்லாருக்கும்தான். ஒப்புதல் படிவத்தில் அதற்கு இடமே கிடையாது.

2010இல் சமரசம் ஆனது. பல்கலைக்கழகம் 7,00,000 டாலர் கொடுத்தது. மாதிரிகளையும் திருப்பித் தந்தது. வழக்கு தீர்ப்புவரை போகாததால் முன்னுதாரணம் எதுவும் உருவாகவில்லை. இந்தத் துறையில் இது ஒரு வாடிக்கை. சங்கடமான வழக்குகள் சமரசத்தில் முடிகின்றன, சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. பப்புவா நியூ கினியாவின் ஹகஹாய் இனத்தைச் சேர்ந்த ஒருவரின் செல்களில் இருந்து உருவான செல் லைனுக்கு அமெரிக்க அரசு 1995இல் காப்புரிமை பெற்றது. எதிர்ப்புக் கிளம்பியதும் அடுத்த ஆண்டு கைவிட்டது. அங்கும் அப்படித்தான்: உரிமை யாருக்கு என்ற கேள்வி நீதிமன்றம் வரை வரவே இல்லை.

ஹென்ரியட்டா லாக்ஸின் கதை பலரும் கேள்விப்பட்டது. 1951இல், 31 வயதில், பால்டிமோரில் கருப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்த கறுப்பினப் பெண். அவரைக் கேட்காமல் எடுக்கப்பட்ட செல்கள்தான் 'ஹீலா' என்ற பெயரில் உலகெங்கும் ஆய்வகங்களில் இன்றும் பெருகுகின்றன. போலியோ தடுப்பூசிச் சோதனைகளுக்கு உதவியவை அவை. 2013இல் அந்தச் செல்களின் முழு மரபணு வரிசையை ஐரோப்பிய ஆய்வாளர்கள் குடும்பத்தைக் கேட்காமலே இணையத்தில் வெளியிட்டார்கள். 62 ஆண்டுகளில் நெறிகள் எவ்வளவோ மாறியிருந்தும், அப்படி வெளியிடுவதில் எந்த விதியும் மீறப்படவில்லை என்பதுதான் விஷயம். அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் குடும்பத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. வரிசையைப் பார்க்க விரும்பும் ஆய்வாளர்கள் விண்ணப்பிக்க வேண்டும்; விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் குழுவில் குடும்பத்தினர் இருவர் இருப்பார்கள். பணம் எதுவும் கைமாறவில்லை.

இரண்டு நாற்காலி, அவ்வளவுதான். ஆனாலும் மூர் வழக்கு தொட முடியாத ஒன்றை இது தொட்டது என்று நினைக்கிறேன். சொத்துரிமை கேட்டால் நீதிமன்றம் பயப்படுகிறது. அடுத்து என்ன செய்யப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளவும், அதைப் பற்றிச் சொல்லவும் ஓர் இடம் கொடுத்தால் ஆய்வு நின்றுவிடவில்லை. பணத்தைப் பொறுத்தவரை சட்டம் இப்போதுதான் வேறொரு வழியைத் தட்டிப் பார்க்கிறது. நியாயமில்லாத ஆதாயம் என்ற வாதம் அது: சொத்து என்னுடையது என்று சொல்ல வேண்டாம், என்னால் நீ சம்பாதித்தது முறையில்லை என்று சொன்னால் போதும். கானவன் நோய் என்ற அரிய மரபுவழி மூளைநோயால் பாதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர், தாங்கள் திசுவும் பணமும் தந்து உதவிய ஆய்வில் இருந்து ஒரு மருத்துவமனை மரபணுக் காப்புரிமை பெற்று, பரிசோதனைக்குக் கட்டணம் விதித்ததை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 2003இல் ஃபுளோரிடா நீதிமன்றம் மற்ற வாதங்களைத் தள்ளி, இந்த ஒன்றை மட்டும் விசாரிக்க எடுத்துக்கொண்டது. லாக்ஸின் வாரிசுகள் ஓர் அறிவியல் பொருள் நிறுவனத்தின் மீது 2021இல் தொடுத்த வழக்கிலும் இதே வாதம்தான். 2023 ஆகஸ்டில் சமரசம், விவரம் ரகசியம்.

இனிப் பொதுச் சுகாதாரம். இங்கே ஒப்புதல் என்ற சொல்லுக்கே வேறு எடை. தொற்றுநோய் பரவும்போது ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்க முடியாது. பெரியம்மைத் தடுப்பூசி போட மறுத்தவருக்கு 5 டாலர் அபராதம் விதித்தது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1905லேயே சொல்லிவிட்டது. நோய்களை அரசுக்குக் கட்டாயம் தெரிவிப்பது, கழிவுநீரில் வைரஸைத் தேடுவது எல்லாம் இந்தக் கணக்கில் வருபவை. சரி, நியாயம்தான். சிக்கல், அந்த அதிகாரத்தில் திரட்டியதை ஆய்வுக்குத் திருப்பும்போது வருகிறது.

பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை வடிதாளில் எடுக்கும் பரிசோதனை 1960களில் பரவியது. ஃபீனைல்கீட்டோனூரியா போன்ற பிறவிக் குறைகளை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தால், உணவுக் கட்டுப்பாட்டினாலேயே மூளை பாதிப்பைத் தடுக்கலாம். பொதுச் சுகாதாரத்தின் பெரிய வெற்றிகளில் ஒன்று. பல இடங்களில் பெற்றோரின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமல் செய்கிறார்கள், குழந்தையின் நன்மை அவ்வளவு தெளிவாக இருப்பதால். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் அந்த வடிதாள்களைப் பெற்றோருக்குச் சொல்லாமல் சேமித்து, ஆய்வுக்கும் கொடுத்து வந்தது. 2009இல் சில பெற்றோர் வழக்குப் போட்டார்கள். மாநிலம் சமரசத்துக்கு வந்து, 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளை அழிக்க ஒப்புக்கொண்டது. அதன் பிறகுதான் தெரிந்தது, நூற்றுக்கணக்கான மாதிரிகள் ராணுவ ஆய்வகம் ஒன்றின் மரபணுத் தரவுத்தளத்துக்கும் போயிருந்தன என்று.

இதில் யார் ஜெயித்தார்கள்? எனக்குத் தெரிந்து யாரும் இல்லை. ஒரு தலைமுறைக் குழந்தைகளின் மாதிரிகள், குழந்தைப் புற்றுநோய் முதல் பிறவிக் குறைகள் வரை எத்தனையோ ஆய்வுகளுக்கு உதவியிருக்கக் கூடியவை, அழிந்துபோயின. முன்பே ஒரு வரியில் கேட்டிருந்தால் பெற்றோரில் கணிசமானோர் சரி என்று சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். கேட்டால் மறுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் கேட்காமல் இருந்ததே இழப்பில் கொண்டுபோய் விட்டது.

நாடுகளும் மூரின் இடத்தில்

மூரின் கதையில் மூருக்குப் பதில் ஒரு நாட்டை வைத்துப் பாருங்கள். ஃபுளூ வைரஸ்களை எல்லா நாடுகளும் உலக சுகாதார அமைப்பின் ஆய்வக வலையமைப்புக்கு இலவசமாக அனுப்புவது 1952 முதல் உள்ள வழக்கம். அந்த மாதிரிகளை வைத்துத்தான் தடுப்பூசி தயாராகும். 2006, 2007 வாக்கில் எச்5என்1 பறவைக் காய்ச்சலால் மனிதர்கள் அதிகம் இறந்துகொண்டிருந்த நாடு இந்தோனேசியா. தான் அனுப்பிய வைரஸ் வகையை வைத்து ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்று தடுப்பூசி உருவாக்கியிருப்பது அதற்குத் தெரியவந்தது. அந்தத் தடுப்பூசி விற்பனைக்கு வந்தால் வாங்கும் வசதி பணக்கார நாடுகளுக்குத்தான் இருக்கும். வைரஸ் எங்களிடமிருந்து, மருந்து உங்களுக்கா என்று கேட்டு இந்தோனேசியா மாதிரி அனுப்புவதை நிறுத்தியது. ஒரு நாட்டின் உயிர்வளம் அந்த நாட்டின் இறையாண்மைக்கு உட்பட்டது என்று 1992ஆம் ஆண்டின் உயிர்ப் பன்மைய உடன்படிக்கை சொல்கிறது. செடிகொடிகளையும் விலங்குகளையும் மனதில் வைத்து எழுதியதை, ஆளைக் கொல்லும் வைரஸுக்கும் பொருத்திக் காட்டினார்கள்.

பணக்கார நாடுகள் கொதித்தன. உலகத்தின் உயிரையே பணயம் வைக்கிறார்கள் என்றார்கள். ஆபத்து உண்மைதான்; ஒரு வைரஸ் எப்படி மாறுகிறது என்று தெரியாமல் போனால் எல்லாருக்கும் கேடு. ஆனால் அந்த நாட்டின் கையில் வேறு துருப்புச் சீட்டு எதுவும் இருக்கவில்லை. நான்கு ஆண்டு இழுபறிக்குப் பின் 2011 மே மாதம் ஓர் ஏற்பாடு வந்தது. வைரஸைப் பகிர்வதும் பலனைப் பகிர்வதும் சமமானவை என்று ஏற்றுக்கொண்டார்கள். வலையமைப்பைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் அதை நடத்தும் செலவில் பாதியைத் தர வேண்டும். பெருந்தொற்று வந்தால் உற்பத்தியில் ஒரு பங்கை உலக சுகாதார அமைப்புக்கு ஒதுக்குவதாக ஒப்பந்தம் போட வேண்டும். படிவத்தில் 'தரவில்லை' என்பதை மூர் வட்டமிட்டதற்கும் இதற்கும் வடிவத்தில் பெரிய வேறுபாடு இல்லை. நாட்டுக்குப் பேரம் பேசும் பலம் இருந்தது, அவருக்கு இல்லை.

அந்த ஏற்பாடு ஃபுளூவுக்கு மட்டும். அடுத்து வந்த பெருந்தொற்று கொரோனா. இன்னொரு மாற்றமும் அதற்குள் நடந்துவிட்டிருந்தது. 2020 ஜனவரி 11 அன்று புதிய வைரஸின் மரபணு வரிசை ஒரு பொது இணையதளத்தில் ஏறியது. அதை எடுத்தே தடுப்பூசியை வடிவமைக்கத் தொடங்கினார்கள். மார்ச் 16 அன்று முதல் தன்னார்வலருக்கு ஊசி போட்டாயிற்று. வைரஸ் இருக்கும் குழாய் வந்து சேரும்வரை வடிவமைப்பு காத்திருக்கவில்லை. மாதிரியைக் கொடுக்க மாட்டேன் என்று எந்த நாடும் இனிமேல் மிரட்ட முடியாது, எழுத்துகளாக மாறிய வைரஸ் ஒரு நொடியில் எல்லை தாண்டிவிடும். மாதிரிகளைச் சுற்றி எழுதப்பட்ட ஒப்பந்தங்கள் எல்லாம் அந்த ஒரு கோப்பின் முன்னால் பாதி பழசாகிவிட்டன.

திறந்த மனதோடு பகிர்வதற்கு என்ன கிடைக்கிறது என்பதை 2021 நவம்பரில் தென்னாப்பிரிக்கா அனுபவித்தது. ஒமிக்ரான் வகையை அந்த வட்டார விஞ்ஞானிகள் கண்டுபிடித்து உடனே உலகுக்குச் சொன்னார்கள். சில நாட்களுக்குள் பல நாடுகள் அங்கிருந்து வரும் விமானங்களைத் தடுத்தன. எச்சரித்த நாட்டுக்கே தண்டனை என்றால், அடுத்த முறை அவசரமாகச் சொல்ல யாருக்கு மனம் வரும்? எந்தச் சட்டமும் இதற்கு இன்னும் சரியான பதில் வைத்திருக்கவில்லை.

2025 மே 20 அன்று உலக சுகாதார மாமன்றம் பெருந்தொற்று உடன்படிக்கையை நிறைவேற்றியது. முந்தைய நாள் அதன் குழுவில் நடந்த வாக்கெடுப்பில் ஆதரவாக 124 நாடுகள், எதிர்த்து யாருமில்லை, 11 நாடுகள் விலகி நின்றன. நோய்க்கிருமிகளோடு அவற்றின் மரபணு வரிசைத் தகவலையும் சேர்த்தே அது பேசுகிறது. இந்த ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள் பெருந்தொற்றுக் காலத்தில் தங்கள் தடுப்பூசி, மருந்து, பரிசோதனைக் கருவி உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்குக் கிடைக்கச் செய்ய வேண்டும். அதில் பாதியாவது நன்கொடையாக. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் யார் எதைக் கொடுத்தால் யாருக்கு என்ன கடமை, வரிசையைத் தரவிறக்கியவரைப் பின்தொடர்வது எப்படி என்பதையெல்லாம் ஒரு தனி இணைப்பில் பேசி முடிக்கட்டும் என்று தள்ளிவைத்தார்கள். அந்த இணைப்பு நிறைவேறினால்தான் உடன்படிக்கை கையெழுத்துக்கே திறக்கும் என்றும் முடிவானது. மூர் வழக்கு விட்டுப்போன அதே இடம், இந்த முறை நாடுகளின் அளவில்.

கட்டுப்பாடு கூடினால் ஆய்வு முடங்கும் என்ற வாதத்தை நான் அலட்சியப்படுத்தவில்லை. பத்துப் பதினைந்து நாடுகளில் இருந்து மாதிரி தேவைப்படும் ஒரு சிறிய ஆய்வுக் குழுவுக்கு, ஒவ்வொரு நாட்டின் அனுமதிக் காகிதமும் மாதக் கணக்கில் இழுக்கும். பெரிய நிறுவனத்துக்கு அதற்கென்று வழக்கறிஞர்கள் உண்டு. பல்கலைக்கழக மாணவருக்குக் கிடையாது. கடுமையான விதி சில சமயம் தடுக்க நினைத்தவரை விட்டுவிட்டுத் தடுக்க வேண்டாதவரைப் பிடிக்கும். அதனால்தான் சொத்து என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் அடைக்கப் பார்ப்பதில் எனக்கு ஒப்புதல் இல்லை. லாக்ஸ் குடும்பத்துக்குக் கிடைத்தது போன்ற ஓர் இடம், மாதிரி கை மாறினாலும் கூடவே போகும் கடமைகள், இவைதான் உருப்படியானவை என்று தோன்றுகிறது. மருத்துவத் தரவுத்தளங்களுக்கும் உயிர்மாதிரி வங்கிகளுக்கும் என்று உலக மருத்துவச் சங்கம் 2016இல் திருத்தி வெளியிட்ட தைபே பிரகடனம் இந்தத் திசையில்தான் போகிறது: வங்கி மூடப்பட்டால் மாதிரிகள் என்ன ஆகும், யாருக்குக் கைமாறும் என்பது வரை கொடுப்பவருக்கு முன்பே சொல்ல வேண்டும் என்கிறது. ஆனால் பிரகடனம் சட்டம் இல்லை.

மூடப்பட்டால் என்ன ஆகும் என்பது வெறும் கற்பனைக் கேள்வியும் இல்லை. உமிழ்நீரை அனுப்பினால் வம்சாவளியும் நோய் வாய்ப்பும் சொல்லும் அமெரிக்க நிறுவனம் 23அண்ட்மீ, 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தது. சுமார் 1.5 கோடி வாடிக்கையாளர்களின் மரபணுத் தகவல் அதன் கையில் இருந்தது. கடன் கொடுத்தவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர வேண்டுமென்றால் விற்பதற்கு அதைவிட மதிப்பான சரக்கு வேறு என்ன இருக்கிறது? அமெரிக்காவின் மருத்துவ ரகசியச் சட்டம் மருத்துவமனைகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும்தான் கட்டும். இதுபோன்ற நிறுவனத்தைக் கட்டாது. உங்கள் தகவலை உடனே அழியுங்கள் என்று மாநில அரசு வழக்கறிஞர்கள் பொதுமக்களுக்கு அறிவுரை சொன்னார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள், ஒவ்வொருவரின் சம்மதமும் இல்லாமல் விற்கக் கூடாது என்று நீதிமன்றம் போயின. ஒரு மருந்து நிறுவனம் 25.6 கோடி டாலருக்குக் கேட்டது. கடைசியில் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரே அமைத்த லாப நோக்கற்ற அமைப்பு 30.5 கோடி டாலருக்கு வாங்கியது. பழைய ரகசியக் காப்பு வாக்குறுதிகளைத் தொடர்ந்து காப்போம் என்றது.

வாடிக்கையாளர்களில் பெரும்பான்மையோர் தங்கள் தகவலை ஆய்வுக்குப் பயன்படுத்தலாம் என்று சம்மதித்திருந்தவர்கள். அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம். ஏற்கெனவே முடிந்த ஆய்வுகளில் இருந்து மட்டும் எடுக்க முடியாது. அந்த வரி அவர்கள் ஒப்புக்கொண்ட படிவத்திலேயே இருந்தது.